தண்ணீர் கேட்காத பேட்டரி

டிப்போவில் அவருக்கு லெவல்காரர் என்று பேர். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பேர் இருந்தது, ஆனால் சம்பளம் போடுகிற கிளார்க்கைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவின் பேட்டரி அறையில் குப்பை கொட்டியவர். விடிந்ததும் வரிசையாக நிற்கிற பேட்டரிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து குனிந்து பார்ப்பார். தண்ணீர் அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, டிஸ்டில்டு வாட்டரை உறிஞ்சி, உள்ளே ஓர் அமுக்கு. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் மூடியைத் திருகிவிட்டு நோட்டில் 'அளவு சரி' என்று எழுதுவார். அப்புறம் அடுத்த பேட்டரி.

மற்றவர்கள் பையில் பேனா வைத்திருப்பதுபோல அவர் அந்தக் குழாயை வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது பையிலிருந்து எட்டிப் பார்க்கும். "தாலி கட்டுறப்பவும் இது பையில இருந்துச்சு. மாப்பிள்ளை டாக்டராக்கும்னு எங்க சித்தி ஏமாந்து போச்சு" என்பாள் அவர் மனைவி.

ஆசிட் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் வெளுத்து வழவழவென்று ஆகிவிட்டன. ஓய்வூதியத்துக்குக் கைரேகை எடுக்கப் போனபோது அந்த மிஷின் அவரை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, ரேகையை எங்க தொலைச்சீங்க?" என்று கேட்டார் அங்கே இருந்த அதிகாரி.

அந்த விரல்களுக்குச் சின்ன வயதில் மருந்து போட்டுவிட்டது அவர் மகள். ஒரே பெண். ஏழாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம், களிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இந்த பேட்டரி ஏன் எப்பப் பாத்தாலும் தண்ணி கேக்குது?"

"சார்ஜ் ஏறுறப்ப தண்ணி வாயுவாப் பிரிஞ்சு போயிடும்மா. ஊத்திக்கிட்டேதான் இருக்கணும்."

"போகாத மாதிரி பண்ண முடியாதா?"

"அப்படிப் பண்ணிட்டா அப்பாவுக்கு வேலை இல்லையே, அம்மாடி."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ரசாயனம் படித்தாள், பட்டம் மேல் பட்டம் வாங்கினாள், கல்லூரியில் பாடம் நடத்த வந்தாள். முப்பத்தி நான்கு வயதில், தண்ணீர் கேட்காத பேட்டரி ஒன்றைச் செய்கிறேன் என்று அரசாங்கத்திடம் விண்ணப்பம் போட்டாள். ஆசிட் கிடையாது. வேறு ஏதோ உப்புக் கரைசல், நடுவில் அவளே காய்ச்சி ஊற்றிய ஒரு மெல்லிய தகடு. மலிவு. நடந்தால் வீட்டுக்கு வீடு வைக்கலாம். நடக்குமா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாத விஷயத்துக்கென்றே அரசாங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. கம்பெனிக்காரன் எட்டிக்கூடப் பார்க்காத நிலையில் இருக்கிற ஆராய்ச்சிக்கு, தோற்றாலும் தோற்கட்டும் என்று பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'இம்முயற்சி தோல்வியடையும் வாய்ப்பு எவ்வளவு?' மகள் யோசிக்காமல் 'பத்துக்கு எட்டு' என்று எழுதினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, இவளுக்கு மூக்குமேல கோவம் வரும்னு நாமளே சொல்லுவமா? பத்துக்கு எட்டு தோக்கும்னா எந்தக் கிறுக்கன் பணம் குடுப்பான்?"

"தோக்கவே தோக்காதுன்னு எழுதினாத்தாம்மா குடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பேங்க் இருக்கே."

அடுத்த கேள்வி, எது நடந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வீர்கள் என்பது. இருநூறு நாள் இடைவிடாமல் ஓடும்போது, சாதாரண பேட்டரி குடிக்கிற தண்ணீரில் பாதிக்குமேல் குடிக்கக் கூடாது என்று எழுதினாள். நிதி கிடைத்தது. முதற்கட்டம் இரண்டு வருஷம். அது தேறினால் இரண்டாம் கட்டம்: ஐந்து வருஷம், நான்கு பேருக்கு வேலை, சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம்.

கல்லூரியின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட பழைய ஸ்டோர் ரூமை ஒதுக்கிக் கொடுத்தார்கள். மேஜை, கம்ப்யூட்டர், சார்ஜ் ஏற்றி இறக்குகிற மிஷின், கழுத்து குறுகிய ஒரு கண்ணாடி ஜாடி. அந்த ஜாடிதான் பேட்டரி. கழுத்தில் நீல மார்க்கரால் ஒரு கோடு. முதல் ஜாடி முப்பதாம் நாள் விரிசல் விட்டது. இரண்டாவது, அறுபத்தி நாலாம் நாள் தகடு கிழிந்து போனது. இரண்டின் கழுத்திலும் தேதியும் காரணமும் எழுதிய அட்டையைக் கட்டி அலமாரியில் வைத்தாள். தோற்றதைத் தோற்றதென்று எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த நிதியின் சட்டம்.

மூன்றாம் ஜாடி ஓட ஆரம்பித்த வாரம்தான் லெவல்காரர் ஓய்வு பெற்றார்.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். "அந்த ரூமைப் போய்த் திறந்து வச்சா புண்ணியமாப் போகும். வெயில்ல தகரம் கொதிக்குதாம்" என்று மனைவிதான் சாவியைக் கையில் திணித்து அனுப்பினாள். மகளுக்குக் காலையில் வகுப்புகள், அறைக்கு வரப் பதினோரு மணி ஆகும். இவர் ஏழு மணிக்கே போய் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, மேஜையைத் துடைத்து, குடிதண்ணீர் பிடித்து வைப்பார்.

முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள், "அப்பா, எதையும் தொட்டுடாதீங்க" என்று. அவர் எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போகவே பயம். ஒயர்களைத் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

இருநூறு நாள் நெருங்கியது. மூன்றாம் ஜாடியில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. தண்ணீர்ச் செலவு பாதியானால் போதும் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை. சாயங்காலம் தோறும் குனிந்து பார்த்து 'கோட்டில்' என்று எழுதுவாள். முதலில் நம்பவில்லை, பிறகு பயந்தாள், அதற்கும் பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"எல்லாம் அப்பா வந்த ராசிம்மா. அவர் ரூமுக்குள்ள கால் வச்சாரு, ஜாடி அடங்கிப்போச்சு."

லெவல்காரருக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நிதிக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி நரைத்த தலை, தணிந்த குரல். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜாடிக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். லெவல்காரர் டீயும் பிஸ்கட்டும் வைத்த தட்டோடு வாசலில் நின்றார்.

"இதுவரைக்கும் எவ்வளவு தண்ணி சேர்த்தீங்க?" என்று கேட்டார் தலைவி.

"ஆரம்பத்துல ஊத்தினதோட சரி மேடம். இருநூறு நாளா ஒரு சொட்டுகூட ஊத்தல."

தட்டில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின.

செவ்வாய், வெள்ளி. வாரத்துக்கு இரண்டு தடவை. தண்ணீர் நீலக் கோட்டின் அடிவிளிம்புக்கு வந்திருக்கும். பக்கத்திலேயே கண்ணாடிச் சாமான் அலசுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் இருக்கும். பையிலிருந்து குழாய், ஓர் அமுக்கு, மூடி. அதை அவர் மறைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. மேஜையைத் துடைத்தேன் என்று யாராவது போய்ச் சொல்வார்களா? தொடுவது என்றால் அவருக்கு ஒயரைத் தொடுவது. தண்ணீர் ஊற்றுவது தொடுவதில் சேர்த்தியே இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக அது மூச்சு விடுகிற மாதிரி. மகளுக்கோ அந்தக் குழாய் பிறந்ததிலிருந்து அப்பாவின் பையில் இருந்தது, அதனாலேயே அது அவள் கண்ணில் படவில்லை.

தலைவி டீயை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான் அப்பாவா? உங்க விரலைப் பாத்துத்தான் இந்த யோசனையே வந்துச்சுன்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தாங்க. பெருமையா இருக்கா?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இருக்கு மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மகள் சக ஆசிரியைகளோடு டீ குடிக்கப் போயிருந்தாள். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, உப்பு இல்லையா?"

"இருக்கு."

"பின்ன என்ன? பொண்ணு ஜெயிச்சுட்டு வந்திருக்கா, நீங்க என்னவோ கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க."

அவர் பையிலிருந்து குழாயை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சொன்னார். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க."

"எப்படி சொல்லாம இருக்கிறது?"

"வாயை மூடிக்கிட்டுத்தான். நாளையிலேர்ந்து ஊத்தாதீங்க, அவ்வளவுதான். பன்னெண்டு வருஷம் அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். வந்த வரனையெல்லாம் இது முடியட்டும் இது முடியட்டும்னு தட்டிக்கழிச்சா. இப்பப் போய் உங்க பொண்ணுகிட்ட, நீ ஜெயிக்கலம்மா, நான் தண்ணி ஊத்தினேன்னு சொல்லுவீங்களா? உங்களுக்கு மனசு வருமா?"

"வராது."

"அப்ப விடுங்க."

"நாலு பேர வேலைக்கு வச்சு, பெரிய கூடம் கட்டி, அப்புறம் தண்ணி குறைஞ்சா? அங்க ஊத்த நான் இருக்க மாட்டேனே. அது யாரு பணம்? பஸ்ஸுல கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு வர்றானே, அவன் பணம்."

"ஊருக்கே நியாயம் பாக்குற ஆளு, ஒரு நாளாவது அவகிட்ட கேட்டுட்டு ஊத்தியிருக்கலாம்ல?"

அவளுக்கே சொன்ன பிறகு தாங்கவில்லை. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அடுத்த நாளிலிருந்து அவர் ஊற்றவில்லை. குழாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒருவேளை நாம் ஊற்றியதே வெட்டி வேலையோ, ஊற்றாவிட்டாலும் நின்றிருக்குமோ என்று ஒரு நப்பாசை. காலையில் போனதும் முதல் வேலையாகக் குனிந்து பார்ப்பார். முதல் நாள் கோட்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் நாள் அடிவிளிம்பைத் தொட்டது. மூன்றாம் நாள் கோட்டைவிட்டு மயிரிழை இறங்கிவிட்டது. வலது கை தானாகப் பைக்குப் போய் வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது.

ஐந்தாம் நாள் மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இங்க வாங்களேன். இறங்கியிருக்குல்ல?"

"ஆமாம்மா."

"இருநூத்தி ஆறாவது நாள்." அவள் முகம் கொஞ்சம் வாடியது, உடனே தெளிந்தது. "பரவாயில்ல. இருநூறு நாள் அசையாம நின்னுச்சே, அதுக்கப்புறம்தான ஆரம்பிக்குது. இப்படியே குழுவுக்கு எழுதிடறேன். ஒண்ணும் கெட்டுப்போகாது."

நோட்டைத் திறந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். லெவல்காரர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் போதும். ஜாடியே அவருக்காகப் பொய் சொல்லிவிடும். மகளுக்கும் வலிக்காது, யாரும் யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"எழுதாத அம்மாடி" என்றார்.

"ஏம்ப்பா?"

"அது இப்ப இறங்கல. மொதல்லேர்ந்தே இறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அமுக்கிக் காட்டினார். அந்த அமுக்கு அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்கள். கத்தினால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள். வகுப்பில் கேட்கிற குரல்.

"வந்த மொத வாரத்துலேர்ந்து."

"எத்தனை நாளுக்கு ஒரு தடவை?"

"செவ்வாய், வெள்ளி. ஒரு நாளும் தவறல."

"ஒரு அமுக்குக்கு எவ்வளவு?"

"அஞ்சு மில்லி. அதுல மட்டும் மாத்தமே இருக்காது, டிப்போவுல அளந்து வச்சது."

"கூட எப்பவாவது?"

"வெயில் உச்சத்துல இருந்த மூணு வாரம், வாரத்துக்கு ஒரு அமுக்கு கூட."

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். பெருக்கினாள், கூட்டினாள், கோடு போட்டாள். பேனா நின்றது. மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். பிறகு நோட்டை மூடி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

"திட்டும்மா. என்னைத் திட்டிடு" என்றார் அவர்.

"முந்நூறுப்பா" என்றாள், தலையைத் தூக்காமல். "மொத்தமே முந்நூறு மில்லி. இதே அளவு சாதாரண பேட்டரி எழுநூறு குடிச்சிருக்கும்."

"அப்படின்னா?"

"பாதிக்கும் கம்மி. பாதிக்குமேல குடிக்கக் கூடாதுன்னுதானே எழுதிக் குடுத்தேன். நீங்க ஊத்தாம இருந்திருந்தா நானே அளந்து ஊத்திக் கணக்கு எழுதியிருப்பேன்." மூடிய நோட்டை மறுபடி திறந்து காட்டினாள். "அது ஜெயிச்சிருச்சுப்பா. உண்மையாவே ஜெயிச்சிருச்சு."

தோற்றதை மறைத்துவிட்டோம் என்றுதான் ஐந்து நாளாக வெந்துகொண்டிருந்தார். ஜெயித்ததைக் கெடுத்திருக்கிறோம் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றிருந்தால் போதும், மகள் ஜெயித்திருப்பாள். அந்த ஒன்றுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"அப்ப அதை எழுதும்மா. நான் வந்து எங்க வேணும்னாலும் சொல்றேன். கையெழுத்துப் போடறேன்."

"எழுதுறேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே எழுத உட்கார்ந்தாள். எதையும் மறைக்கவில்லை. அடியில் அவர் தன் பேரை, சம்பளப் பட்டியலில் இருந்த அந்தப் பேரை, எழுத்துக் கூட்டி எழுதினார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான். நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தோல்விக்காக இந்த நிதி யாரையும் குறைகூறுவதில்லை என்றும் இருந்தது. ஆனால் ஒருவர் ஞாபகத்திலிருந்து சொல்லுகிற அளவை ஆதாரமாக ஏற்க இயலாது. முதற்கட்டத்தின் காலம் முடிந்துவிட்டதால் சோதனையை மறுபடி நடத்த வழியில்லை. ஒரே யோசனைக்கு இரண்டு முறை நிதி தருவதும் விதியில் இல்லை. மாதக் கடைசிக்குள் அறையையும் மிஷினையும் ஒப்படைக்கவும். கீழே தலைவி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மிகவும் வருந்துகிறேன். நான் உங்களை நம்புகிறேன்.'

"நம்புறாங்களாம்" என்றாள் மனைவி. "நம்பிக்கைய வச்சு நாக்கு வழிக்கவா?" அவள் பேசிய பேச்செல்லாம் அந்தக் கடிதத்தோடுதான். கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அறையைக் காலி செய்த அன்று மூவரும் போனார்கள். மனைவி ஜன்னல்களைச் சாத்தினாள். மிஷினைக் கல்லூரி ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். மகள் மூன்றாம் ஜாடியில் கோடு வரைக்கும் தண்ணீரை அளந்து ஊற்றி, மூடியை இறுகத் திருகிவிட்டு, அதற்கும் ஓர் அட்டை எழுதினாள். லெவல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறாளோ என்று பயம். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'பதிவில் பிழை. பொறுப்பு: நான்' என்று எழுதி ஜாடியின் கழுத்தில் கட்டினாள்.

"நான் ஊத்தினதுக்கு நீ எப்படிம்மா பொறுப்பு?"

"தொடாதீங்கன்னு சொன்னேன். என்ன செய்யறீங்கன்னு ஒரு நாளும் கேக்கலியேப்பா" என்றாள். "இதை நீங்க தூக்கிக்கிறீங்களா? பாத்து, கண்ணாடி."

அதைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

இப்போது மூன்றாம் ஜாடி அவர் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மகள் காலையில் கல்லூரிக்குப் போகிறாள், பாடம் நடத்துகிறாள், சாயங்காலம் சீக்கிரமாகவே வந்துவிடுகிறாள். பேட்டரிப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கண்ணாடிக் குழாயை மனைவி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள், அவரும் தேடவில்லை.

ஆனால் தினமும் விடிந்ததும், பல்கூடத் தேய்க்காமல், அவர் ஜாடியின் முன்னால் குனிகிறார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்கிறார். டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். சார்ஜ் ஏறினால்தான் தண்ணீர் போகும், இறுக மூடிச் சும்மா வைத்திருக்கிற ஜாடியில் போகாது என்று அவருக்குத் தெரியாததல்ல. முப்பத்தெட்டு வருஷம் அதைத்தானே பார்த்தார். இருந்தும் குனிந்து பார்க்கிறார், ஒரு மயிரிழையாவது இறங்கியிருக்காதா, ஜாடிக்கு மறுபடி உயிர் வந்திருக்காதா என்று.

தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அளவு சரி' என்று எழுதுகிறார்.